ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு தீப்பெட்டி ஆபீஸ்

ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆபீசிலிருந்து எனக்குப் போன் வருவது நிற்கவில்லை. போன வாரம் பேசியவள் நித்யா. இப்போது அங்கே நான் பார்த்த வேலையைப் பார்ப்பவள்.

"அக்கா, நீங்க எழுதுன இன்ஸ்டால் கட்டளைய எடுத்துரலாம்னு இருக்கோம். இப்பல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியத தானே கட்டிச் சுமந்துட்டு வருது. ஒண்ணு மட்டும் புரியல. லைப்ரரிய எங்கன வைக்கணும்னு முடிவு பண்ணுததுக்கே பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கீங்க. அம்புட்டு எதுக்குக்கா?"

"தாராளமா எடுத்துரு தாயி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். புரோகிராமைக் கம்ப்யூட்டரில் நிறுவுகிற அந்தக் கட்டளை இத்தனை வருஷம் ஓடியதே பெரிது; அதற்கு நான் சிலை வைக்கப் போவதில்லை. ஆனால் எதுக்கு என்ற கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை, அடுப்பில் பால் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் புதூர் பக்கம் ஒரு கரிசல் கிராமம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். அந்தப் படிப்பில் கம்ப்யூட்டரைத் தொட்டது கொஞ்சம், அதைப் படம் வரைந்து பாகம் குறித்ததுதான் அதிகம். படித்து முடித்து, கோவில்பட்டியில் காசிம் பாய் நடத்திய ஆபீசில் சேர்ந்தேன். அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக பஜாரில் இரும்புக்கடை. இவர் மட்டும் கடைக்கு மேல் மாடியில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் மில்லுகளுக்கும் கடலைமிட்டாய்க்காரர்களுக்கும் சரக்கோடு போகிற சீட்டை அடிக்கிற புரோகிராம் செய்து கொடுத்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். வெளியூர்க்காரர்கள் ஏதோ குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காசிம் பாய் அதட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் திட்டு வாங்கியதுபோல் வேர்த்துப்போய் நின்றவர்கள் நிறையப் பேர். வாடிக்கையாளர் இடத்துக்குப் போனால் செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவார். அவர்கள் நாற்காலியில் உட்கார மாட்டார். அவர்கள் கீபோர்டைத் தொடவே மாட்டார். அங்கே வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு, "நீங்க அடிங்க, நான் பாக்குதேன்" என்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றே பார்ப்பார்.

நாங்கள் ஓர் இடத்தில் புரோகிராமை நிறுவிவிட்டுத் திரும்பி வந்தால், கை கழுவி டீ குடிக்கும் வரைக்கும் விட்டுவிடுவார். அதற்கப்புறம் கேட்பார்: "என்ன வச்சே? எங்கன வச்சே? நீ வைக்குததுக்கு முன்ன அங்கன என்ன இருந்துச்சு?" முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. "பாக்கலையா? சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தச் 'சரி'க்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

லைப்ரரி என்றால் என்ன என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டுச் சமையலில் வெங்காயத்தை மொத்தமாக உரித்து ஓர் அண்டாவில் போட்டு வைத்திருப்பார்கள். சாம்பார் வைப்பவரும் அதில்தான் எடுப்பார், பொரியல் செய்பவரும் அதில்தான் எடுப்பார். புரோகிராமுக்கும் அப்படித்தான். பல வேலைகளுக்கும் தேவைப்படுகிற பகுதிகளைத் தனி ஃபைல்களாக்கி ஓரிடத்தில் வைத்துவிடுவோம். அந்த ஃபைல்கள்தான் லைப்ரரி. அவற்றைக் கம்ப்யூட்டருக்குப் பொதுவான இடத்தில் வைக்கலாம். இல்லையென்றால் அந்தந்தப் புரோகிராமுக்கென்று தனி ஃபோல்டர் போட்டு அதில் வைக்கலாம். எங்கே வைப்பது என்று முடிவு செய்து வைப்பது, நிறுவும் கட்டளையின் வேலை.

எங்கள் ஆபீசின் பழைய கட்டளை எல்லாவற்றையும் பொது இடத்தில்தான் வைக்கும். அதை எழுதியவர் நான் சேர்வதற்கு முன்பே சென்னைக்குப் போய்விட்டார். அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் புரோகிராம் வாங்கினால் அது மச்சானுக்குப் போகும், சகலைக்குப் போகும், சகலையின் கூட்டாளிக்கும் போகும். கேட்டால், "சொந்தக்காரவியளுக்குத்தான குடுத்தோம்" என்பார்கள். அதைத் தடுக்க, வாங்குகிற கம்பெனியின் பெயரை லைப்ரரி ஃபைலுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிட்டார். யார் காப்பி அடித்தாலும் சீட்டின் தலைப்பில் வாங்கியவர் பெயர்தான் வரும். நல்ல யோசனைதான். ஒரு கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனிதான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஊருக்குக் கிழக்கே ஒரு காம்பவுண்டில் வெயிலுமுத்து என்பவர் தொடங்கிய தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு மூத்த மகன் சண்முகம் அண்ணாச்சியும் இளையவர் துரைப்பாண்டியும் அதைப் பிரித்துக்கொண்டார்கள். கட்டடம் பிரிந்தது, பேச்சு வார்த்தை நின்றது. கிணறு மட்டும் பொது. கம்ப்யூட்டரும் பொது, ஏனென்றால் அதை ரெண்டாக அறுக்க முடியவில்லை. ஆனால் கீபோர்டு ஆளுக்கு ஒன்று. பின்பக்கம் பெயிண்டில் பெயர் எழுதியிருக்கும். காலையில் அண்ணன் கீபோர்டு, மத்தியானம் அதைக் கழற்றிவிட்டுத் தம்பி கீபோர்டு. அண்ணனுக்கு ஒரு லாகின், தம்பிக்கு ஒரு லாகின். கம்பெனிப் பெயரிலும் இருவருமே அப்பா பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று 'வெயிலுமுத்து தீப்பெட்டித் தொழிலகம்', இன்னொன்று 'வெயிலுமுத்து மகன் தீப்பெட்டித் தொழிலகம்'.

இருவருக்கும் சீட்டு போட்டவள் முருகலட்சுமி. அவர்கள் அப்பா காலத்திலேயே வேலைக்கு வந்தவள். புருஷன் திருப்பூரில் இருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்லாமல் இருப்பதே அங்கே பாதி வேலை. அதை அவள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் புரோகிராம் அண்ணனிடம் மட்டும் இருந்தது. அண்ணன் வைத்திருப்பது நமக்கு எதற்கு என்ற வீம்பில் தம்பி சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டாலும் சீட்டை ரொம்ப நாள் கையால்தான் எழுதவைத்தார். கடைசியில் அவரும் வாங்கினார். எங்கள் சர்வீஸ் ஆள் ஒரு சாயங்காலம் போய், தம்பியின் லாகினில் புரோகிராமை நிறுவிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அண்ணனின் லோடு ஒன்று லாரியில் ஏறியது. முருகலட்சுமி வழக்கம்போல் லோடு சீட்டு அடித்துக் கொடுத்தாள். கயத்தாறு தாண்டியதும் வரி அதிகாரிகள் லாரியை மறித்துச் சோதித்தார்கள். பண்டல்களின் மேல் இருந்த கம்பெனிப் பெயர் ஒன்று, சீட்டின் தலைப்பில் இருந்த பெயர் இன்னொன்று. தீப்பற்றுகிற சரக்கு வேறு. லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டுநர் போன் செய்ததும் சண்முகம் அண்ணாச்சிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தம்பி புரோகிராம் போட்ட மறுநாளே தன் சரக்கு தம்பி பெயரில் போகிறது. நடுவில் இருப்பவள் ஒருத்திதான். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். முருகலட்சுமி எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். "யக்கா, நான் பேர மாத்தலக்கா. பேர மாத்த எனக்குத் தெரியவும் செய்யாது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

காசிம் பாய் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பேரு எந்த ஃபைல்ல இருக்கு ஜோதி?" நான் சொன்னேன்.

நாங்கள் போனபோது சண்முகம் அண்ணாச்சி கம்ப்யூட்டர் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். முருகலட்சுமி சுவரோரம்.

"பாய், வாங்க. ஒங்க புரோகிராமுக்கு ஒண்ணுமில்ல. இவ பாத்த வேல இது. இவ்வளவு நாளு சோறு போட்ட எடத்துல கை வச்சிட்டா."

"அண்ணாச்சி, பத்து நிமிஷம் பொறுங்க. நாங்க பாத்துட்டுச் சொல்லுதோம்."

"என்னத்தப் பாக்கப் போறீங்க? ஏட்டி, நீயே சொல்லிரு. எவ்வளவு குடுத்தான்?"

காசிம் பாய் வழக்கம்போல் முருகலட்சுமியைக் கீபோர்டில் அடிக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவளும் அப்படி நினைத்துத்தான் ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "நீ தொடாதம்மா. இன்னைக்கு நீ எதையும் தொடக்கூடாது. அண்ணாச்சியே அடிக்கட்டும்."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயர் எழுதிய கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெற்று லோடு சீட்டு ஒன்று பிரிண்டரில் வந்தது. தலைப்பில் தம்பி கம்பெனியின் பெயர்.

"நான் சொன்னேம்லா? மாத்தி வச்சிருக்கா."

"சரி அண்ணாச்சி. இப்ப இந்த ஃபைலு என்னைக்கு வந்து உக்காந்துச்சுன்னு பாப்போம்" என்றேன். பொது இடத்தில் இருந்த லைப்ரரியின் தேதியையும் நேரத்தையும் திரையில் வரவைத்தேன். முந்தின நாள் சாயங்காலம், எங்கள் ஆள் நிறுவிய நேரம். எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு விளங்கவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. திரையில் இருக்கும் ஒரு தேதியைக் காட்டி ஒரு மனுஷரின் சந்தேகத்தைத் தீர்த்துவிட முடியாது.

காசிம் பாய் வெளியே போனார். தம்பி பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்து, என்ன பேசினாரோ, துரைப்பாண்டியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் நின்றது பாகம் பிரித்த பிறகு அதுதான் முதல் தடவையாம். இருவரும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையோடு கொண்டுபோயிருந்த அண்ணனின் பழைய சிடியைப் போட்டு, அவர் லாகினில் மறுபடியும் நிறுவும்படி சொன்னேன். அவரே அடித்தார். பிறகு கீபோர்டை மாற்றிக்கொண்டு துரைப்பாண்டி உட்கார்ந்தார். தன் பாஸ்வேர்டை யாருக்கும் தெரியாமல் கையை மறைத்து அடித்தார். தம்பியின் வெற்றுச் சீட்டு ஒன்று வந்தது. தலைப்பில் அண்ணன் கம்பெனியின் பெயர்.

துரைப்பாண்டி சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதென்ன கூத்து! என் சீட்டுல இவரு பேரு வருது!" என்று கத்தினார். அண்ணாச்சி எழுந்து வந்து அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். முருகலட்சுமி சுவரோரமே நின்றாள்.

"கடைசியா எவிய ஏத்துதாவளோ அவிய பேருதான் ரெண்டு பேருக்கும் வரும் அண்ணாச்சி" என்றார் காசிம் பாய். "ரெண்டு வீட்டுக்காரவிய ஒரே கம்ப்யூட்டர்ல இருப்பாவன்னு எங்க கட்டளைக்குத் தெரியல. தப்பு எங்க மேலதான். அந்தப் புள்ள மேல ஒரு துளி தப்பு கிடையாது."

அதையே ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, லாரி நின்ற இடத்துக்கு ஆள் மூலம் அனுப்பினார். இருட்டுவதற்குள் லாரியை விட்டுவிட்டார்கள். சண்முகம் அண்ணாச்சி ஸ்டேஷனுக்குப் போகவில்லை. முருகலட்சுமியைப் பார்த்து, "சரி சரி, வேலை கெடக்கு பாரு" என்றார். அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

ஆபீசுக்குத் திரும்பியதும் காசிம் பாய் என்னிடம், "புதுசா ஒரு கட்டளை எழுது. வைக்குததுக்கு முன்ன அது யோசிக்கணும்" என்றார். அதுவரைக்கும் இரண்டு கம்பெனியும் கையால் சீட்டு எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த எழுத்து வேலையும் முருகலட்சுமி தலையில்தான் விழுந்தது.

முதலில் நான் எழுதியது கேள்வி கேட்கிற கட்டளை. லைப்ரரி பொது இடத்துக்கா, தனி இடத்துக்கா என்று கேட்டு நிற்கும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கேள்வி முழுசாகத் திரையில் வருவதற்குள் என்டரைத் தட்டிவிட்டார். என்ன கேட்டது என்றேன். "ஏதோ கேட்டுச்சு" என்றார். படிக்காமல் என்டர் தட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் உலகம் அவர்களால்தான் நிறைந்திருக்கிறது என்பதால், கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து, எல்லா லைப்ரரியையும் தனி ஃபோல்டருக்கு அனுப்பினேன். பெயர்ச் சிக்கல் தீர்ந்தது, பிரிண்டர் சிக்கல் வந்தது. பிரிண்டரோடு பேசுகிற லைப்ரரி ஆளுக்கு ஒன்று என்று ஆனதும், இரண்டு கம்பெனிப் புரோகிராமும் ஒரே பிரிண்டரை இரண்டு விதமாகப் பிடித்து இழுத்தன. பாதிச் சீட்டு ஒரு மாதிரி, மீதி வேறு மாதிரி. காசிம் பாய் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அந்தக் காம்பவுண்டுல கிணத்த யாரும் பிரிக்கல ஜோதி. வாளிதான் அவியவிய வாளி" என்றார்.

அப்போதுதான் வழி தெரிந்தது. லைப்ரரிகளை இரண்டு வகையாகப் பிரித்தேன். யார் பெயரும் உள்ளே இல்லாதது பொது இடத்துக்குப் போகும். கம்பெனிப் பெயர் பொதிந்தது அந்தக் கம்பெனியின் தனி ஃபோல்டருக்குப் போகும். புரோகிராம் ஓடும்போது முதலில் தன் ஃபோல்டரைப் பார்க்கும், அங்கே இல்லாததற்குத்தான் பொது இடத்துக்குப் போகும். தனி ஃபோல்டருக்கு முதலில் கம்பெனிப் பெயரின் முதல் சில எழுத்தையே பெயராக வைத்தேன். அப்படிப் பார்த்தால் அண்ணன் தம்பி இருவருமே 'வெயிலுமுத்து'தான். நல்ல வேளை, சோதனையிலேயே அகப்பட்டது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்கும் உரிம எண்ணுக்கு மாற்றினேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காசிம் பாயின் மூன்றாவது கேள்வியைக் கட்டளையின் முதல் வேலையாக வைத்தேன். எதை வைக்குமுன்னும் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கும். அதே ஃபைல் புதியதாக இருந்தால் தொடாது. பழையதாக இருந்தால், அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் புதியதை வைக்கும். முடிந்ததும் எது எங்கே போனது என்று தமிழில் திரையில் சொல்லும். நித்யா கேட்ட பக்கம் பக்கமான எழுத்து இதுதான்.

புதிய கட்டளையோடு நாங்கள் மறுபடி அந்தக் காம்பவுண்டுக்குப் போன நாளில் அண்ணன் தம்பி இருவரும் அறைக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மூலை. இந்தத் தடவை காசிம் பாய் முருகலட்சுமியை உட்காரச் சொன்னார். "நீ அடிம்மா, நான் பாக்குதேன்."

அவள் அண்ணன் லாகினில் நிறுவினாள், தம்பி லாகினில் நிறுவினாள். திரையில் வந்த வரிகளை ஒன்று விடாமல் படித்தாள், என்டரை அவசரப்பட்டுத் தட்டவில்லை. பிறகு இரண்டு சீட்டு அடித்தாள். அண்ணன் சீட்டில் அண்ணன் பெயர், தம்பி சீட்டில் தம்பி பெயர். மறுபடி மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். மாறவில்லை. சீட்டுகளை அவரவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, நாளையில இருந்து நான் வரல."

சண்முகம் அண்ணாச்சி சீட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன், அதான் எல்லாம் சரியாப் போச்சுல்லா? ஒம்மேல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு போச்சுல்லா?"

"தெரிஞ்சுட்டு. அதுக்காவத்தான் இத்தன நாளும் வந்தேன். அன்னைக்கே நின்னிருந்தா, திருடுனவ ஓடிட்டான்னு சொல்லியிருப்பீங்க."

"கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத மனசுல வச்சிக்கிட்டு..."

"தப்பு பண்ணுனது இந்த மிஷினு அண்ணாச்சி. அத ஒருத்தரும் வெளிய போன்னு சொல்லல. போலீசுக்குப் போவேன்னு சொல்லல. என்னாச்சோ ஏதாச்சோன்னு ஆள வரவச்சுப் பாத்தீங்க. எங்கிட்ட, என்ன நடந்துச்சு முருகலட்சுமின்னு நீங்க ஒரு வார்த்த கேக்கல."

அவள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் இருவரிடமும், "வாரேன் பாய், வாரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

சண்முகம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"இனிமே சீட்டு யாரு அடிப்பா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதைக் காசிம் பாயும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வாடிக்கையாளரிடம் எதிர்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஆனால் எனக்கு அடக்க முடியவில்லை.

"நீங்களே அடிங்க அண்ணாச்சி. ஒங்க பேரு சரியா வரும்" என்றேன்.

காசிம் பாய், "வா ஜோதி, போவோம்" என்று வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.